சுவரை இடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு லெட்டர் போடுங்க

இந்த மாசம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான். லண்டன்ல லீஸ்ஹோல்ட் ஃப்ளாட், அதாவது நீண்ட கால குத்தகையில ஒரு ஃப்ளாட் வாங்கியாச்சு, உள்ள கொஞ்சம் மாத்தணும், கட்டடத்துக்குச் சொந்தக்காரரான ஃப்ரீஹோல்டர்கிட்ட கேக்கணுமா வேணாமா. நம்ம ஆளுங்க மத்தியில ஒரு பேச்சு இருக்கு, "கேட்டாதான் பிரச்சினை, சத்தமில்லாம பண்ணிட்டுப் போ"ன்னு. பதினெட்டு வருஷமா கன்வேயன்சிங் ஆபீஸ்ல, அதாவது வீடு வாங்க விக்க பத்திர வேலை பாக்குற இடத்துல இருக்கேன், இந்தப் பேச்சை நம்பி வீடு விக்கிற நேரத்துல கண்ணைக் கசக்கிட்டு என் முன்னாடி உக்காந்தவங்க நிறைய பேரு, அதனால இந்தத் தடவை பக்கம் முழுக்க இதுக்கே குடுத்துட்டேன். இங்க சொல்றது இங்கிலாந்து, வேல்ஸ் சட்டம். ஸ்காட்லாந்துல முறையே வேற.

கேள்வி: ஈஸ்ட்ஹாம்ல முதல் மாடி ஃப்ளாட், 125 வருஷ லீஸ். கிச்சன் ரொம்ப சின்னது, ரெண்டு பேர் நின்னா திரும்ப முடியாது. கிச்சனுக்கும் ஹாலுக்கும் நடுவுல இருக்குற சுவரை எடுத்துடலாம்னு பாக்குறோம். பில்டர் தட்டிப் பாத்துட்டு "சும்மா பலகைச் சுவர்தான்க்கா, ஒரு நாள் வேலை, யாரையும் கேக்க வேணாம்"ங்கிறார். என் வீட்டுக்காரரும் கேட்டா காசு கேப்பாங்கன்னு சொல்றார். என்ன பண்ணட்டும்?

மொதல்ல அந்த பில்டரை நிறுத்தி வைங்க தங்கச்சி. சுவர் வெயிட் தாங்குதா இல்லையாங்கிறது ஒரு விஷயம், அதைத் தொடற உரிமை உங்களுக்கு இருக்காங்கிறது வேற விஷயம், ரெண்டாவதுக்கு பதில் உங்க லீஸ்ல மட்டும்தான் இருக்கு. வீடு வாங்கும்போது சொலிசிட்டர் குடுத்த பேப்பர் கட்டுல அது இருக்கும், காணோம்னா லேண்ட் ரெஜிஸ்ட்ரில காசு கட்டி காப்பி எடுத்துக்கலாம். அதுல ஆல்டரேஷன் பத்தின பாராவைத் தேடுங்க.

மூணு விதமா எழுதியிருப்பாங்க. சில லீஸ்ல "எந்த மாற்றமும் செய்யக் கூடாது"ன்னு மொட்டையா நிக்கும். சிலதுல "ஃப்ரீஹோல்டரோட எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாம செய்யக் கூடாது"ன்னு இருக்கும். இன்னும் சிலதுல அதோட சேத்து "அந்தச் சம்மதத்தை நியாயமில்லாம மறுக்கக் கூடாது"ன்னு இன்னொரு வரி வரும். உங்களோடது நடுவுல சொன்ன ரகம்னா கூட பயப்படாதீங்க, ஏன்னா 1927-ம் வருஷத்து லேண்ட்லார்ட் அண்ட் டெனன்ட் ஆக்ட், செக்‌ஷன் 19(2), அந்த விட்டுப்போன வரியை லீஸ்ல எழுதாமலே எழுதின மாதிரி சேத்துடுது. வேலை வீட்டை மேம்படுத்துற வேலையா இருந்தா காரணமில்லாம மறுக்க முடியாது. மேம்படுத்துறதான்னு பாக்கறது உங்க கண்ணால, ஃப்ரீஹோல்டர் கண்ணால இல்ல. இது தெரியாமத்தான் நம்ம ஜனங்க தொண்ணூறு வருஷத்துக்கு மேல பழசான ஒரு பாதுகாப்பைக் கையில வச்சிக்கிட்டே திருட்டுத்தனமா வேலை பாக்குறாங்க.

காசு கேப்பாங்களான்னா, கேப்பாங்க. சட்டமே அனுமதிக்குது. அவங்க வக்கீல் செலவு, சர்வேயர் செலவு, உங்க வேலையால அவங்க சொத்தோட மதிப்பு குறைஞ்சா அதுக்கு ஒரு ஈடு, இதெல்லாம் நியாயமான அளவுக்குக் கேக்கலாம். சின்ன வேலைக்கு சில நூறு பவுண்ட், சுவர் எடுக்கிற மாதிரி வேலைக்கு ஆயிரத்தைத் தாண்டறது சகஜம். ஆனா "சம்மதம் வேணும்னா பத்தாயிரம் எடு"ன்னு சும்மா கேக்குறதுக்கு இந்த ரக லீஸ்ல இடமில்ல. மொட்டையா தடை போட்ட லீஸ்ல நிலைமை வேற, அங்க 19(2) உதவாது, அவங்க மனசு வச்சாத்தான் உண்டு.

இப்ப உங்க சுவருக்கு வர்றேன். நாம ஹால்னு சொல்றது டிவி, சோபா இருக்குற லிவிங் ரூமை. இங்க ஹால்னா வாசக்கதவைத் தொறந்தா வர்ற நடை. லெட்டர்ல இதைக் குழப்பிடாதீங்க, ஏன்னா ரெண்டு சுவருக்கும் ரெண்டு கதை. லிவிங் ரூம் பக்கத்து சுவர்னா பெரும்பாலும் பேசி முடிக்கலாம். நடை பக்கத்து சுவர்னா, ராத்திரி கிச்சன்ல தீ பிடிச்சா பெட்ரூம்ல தூங்குறவங்க வெளிய ஓடி வர்ற வழியே அந்த நடைதான், அந்தச் சுவரும் கதவும் புகையைக் கொஞ்ச நேரம் தடுத்து நிறுத்தறதுக்காக வச்சது. அதை எடுக்கக் கூடாதுன்னு ஃப்ரீஹோல்டர் மறுத்தா அது நியாயமான காரணம், நானும் அவர் பக்கம்தான் நிப்பேன்.

பில்டர் தட்டிப் பாத்ததை நம்பாதீங்க. பழைய வீட்டைப் பிரிச்சு ஃப்ளாட் ஆக்கின கட்டடங்கள்ல பலகைச் சுவர் கூட மேல் மாடித் தரையைத் தாங்கிட்டு நிக்கும். ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் ஒருத்தரைக் கூப்பிட்டு எழுதி வாங்குங்க. அப்புறம் இப்போ இருக்குற பிளான், மாத்தப் போற பிளான், எஞ்சினியர் கணக்கு, பில்டரோட இன்சூரன்ஸ் காப்பி, எத்தனை நாள் வேலை, எந்த நேரத்துல சத்தம் வரும், குப்பையை எந்த வழியா இறக்குவீங்க, எல்லாத்தையும் ஒரே தடவையா அனுப்புங்க. பாதி பேப்பர் அனுப்பினா "இது எங்க, அது எங்க"ன்னு மாசக்கணக்குல இழுக்கும். அவங்க சம்மதிச்சா லைசென்ஸ்னு ஒரு பத்திரம் போட்டுத் தருவாங்க. அது கைக்கு வந்தப்புறம்தான் சுத்தியலை எடுக்கணும். கவுன்சில் பில்டிங் கன்ட்ரோல் அனுமதி தனி, அது வந்தா இது வேணாம்னு ஆகாது, இது வந்தா அது வேணாம்னும் ஆகாது. பக்கத்து வீட்டோட பொதுவான சுவரோ, மேல கீழ வீட்டுக்கு நடுவுல இருக்குற தரையோ சம்பந்தப்பட்டா 1996 பார்ட்டி வால் ஆக்ட் படி அந்த வீட்டுக்காரங்களுக்கு ரெண்டு மாசம் முன்னாடி நோட்டீஸ் குடுக்க வேண்டி வரலாம், அதையும் எஞ்சினியர்கிட்டயே கேட்டுக்குங்க.

பதிலே வராம இருந்தா? இதை என் சொந்த அனுபவத்துல சொல்றேன். எங்க முதல் ஃப்ளாட்ல கிச்சன்ல சும்மா காத்தைச் சுத்தி விடற ஹூட்தான் இருந்துச்சு, ரசம் தாளிச்சா அந்த வாசனை மறுநாள் ஆபீஸ் கோட்டுல இருக்கும். வெளிச்சுவர்ல அஞ்சு இஞ்ச் ஓட்டை போட்டு, புகை வெளிய போக டக்ட் குழாய் விடணும். வெளிச்சுவர் ஃப்ரீஹோல்டரோடது, நம்ம லீஸ்ல நமக்குக் கிடைச்சது உள்பக்கத்துப் பூச்சு வரைக்கும்தான். லெட்டர் போட்டோம், ஏழு வாரம் சத்தமே இல்ல, பில்டர் "வர்ற வாரம் விட்டா மூணு மாசம் ஆகும்"னு நெருக்குறார், வீட்ல எல்லாரும் போடச் சொல்றாங்க. நான் விடல. ஓட்டை எங்க வரும்னு வெளிப்பக்க போட்டோல சிவப்பு மையில வட்டம் போட்டு, ஃபேனோட விவரத்தையும் வச்சு, போன தேதியையும் குறிப்பிட்டு ரெண்டாவது லெட்டர் போட்டேன். பத்து நாள்ல சம்மதம் வந்துச்சு, ஒரே ஒரு நிபந்தனை, வெளிய தெரியற கிரில் செங்கல் நிறத்துல இருக்கணும். அந்த ஃப்ளாட்டை விக்கும்போது வாங்கறவங்க வக்கீல் கேட்ட முதல் கேள்வியே அந்த ஓட்டையைப் பத்தித்தான், ஒரு பேப்பரை ஸ்கேன் பண்ணி அனுப்பினேன், முடிஞ்சுது. மௌனம் சம்மதம்ங்கிறது இந்த விஷயத்துல கிடையவே கிடையாது. ஃப்ரீஹோல்டருக்காகக் கட்டடத்தைப் பாத்துக்கிற மேனேஜிங் ஏஜென்ட் போன்ல "ஓகே ஓகே"ன்னு சொன்னதும் சம்மதம் இல்ல, எழுத்துல வேணும், ஃப்ரீஹோல்டர் சார்புல குடுக்குறோம்னு அதுல இருக்கணும்.

கேள்வி: அக்கா, நாங்கள் ஹரோவில ரெண்டாம் மாடி ஃப்ளாட் ஒண்டு வாங்கி மூண்டு வருசம். மகளுக்கு ஆஸ்துமா, அதால கார்பெட்டை எடுத்துப்போட்டு லமினேட் பலகைத் தரை போட்டனாங்கள். இப்ப கீழ் வீட்டுக்காரர் சத்தம் எண்டு முறைப்பாடு செய்து, ஏஜென்டிட்ட இருந்து கடிதம் வந்திருக்கு, திருப்பிக் கார்பெட் போடாட்டில் லீஸையே பறிப்பம் எண்ட மாதிரி எழுதியிருக்கினம். வீட்டில ஒருத்தருக்கும் நித்திரை இல்லை. என்ன செய்யிறது?

மொதல்ல நிம்மதியா தூங்குங்க தங்கச்சி. ஒரு லெட்டர் போட்டு யாரும் லீஸைப் பறிச்சிட முடியாது. 2002-ம் வருஷத்து காமன்ஹோல்ட் அண்ட் லீஸ்ஹோல்ட் ரிஃபார்ம் ஆக்ட், செக்‌ஷன் 168 படி, நீங்க லீஸை மீறிட்டீங்கன்னு டிரிப்யூனல்ங்கிற தீர்ப்பாயமோ கோர்ட்டோ முடிவு பண்ணணும், இல்லன்னா நீங்களே ஒத்துக்கணும், அதுக்கப்புறம்தான் அவங்க அடுத்த நோட்டீஸே அனுப்ப முடியும். அதனால பதட்டத்துல "ஆமா தப்பு பண்ணிட்டோம், மன்னிச்சிடுங்க"ன்னு பதில் எழுதிடாதீங்க. லெட்டர் கிடைச்சுது, லீஸைப் பாத்துட்டு பதில் சொல்றோம்னு மட்டும் எழுதுங்க.

அப்புறம் லீஸைப் பாருங்க. பல லீஸ்ல கிச்சன், பாத்ரூம் தவிர எல்லா இடத்துலயும் கார்பெட்டும் அதுக்கு அடியில விரிக்கிற அண்டர்லேயும் போட்டிருக்கணும்னு தனியா ஒரு வரி இருக்கும். அப்படி இருந்தா உங்க பக்கம் கொஞ்சம் பலவீனம்தான், மறைக்காம சொல்றேன். போதாததுக்கு நிறைய பிளாக்ல, ஒரு வீட்டுக்காரர் கேட்டா இன்னொரு வீட்டுக்காரர் மேல நடவடிக்கை எடுத்தே ஆகணும்னு ஃப்ரீஹோல்டரே எல்லார்கிட்டயும் ஒப்புக்கிட்டிருப்பார். லண்டன் மைடாவேல்ல ராண்டால்ஃப் கிரசண்ட் கட்டடம் பத்தின கேஸ்ல 2020 மே மாசம் சுப்ரீம் கோர்ட் சொன்னது இதுதான்: லீஸ்ல மொட்டையா தடை இருந்து, ஃப்ரீஹோல்டர் மத்த வீட்டுக்காரங்களுக்கு அந்த மாதிரி வாக்கும் குடுத்திருந்தா, ஒருத்தருக்கு மட்டும் தனியா அனுமதி குடுக்கறது மத்தவங்களுக்குக் குடுத்த வாக்கை மீறினதா ஆகும். அங்க ஒரு வீட்டுல சுமார் 7 மீட்டர் சுவரை எடுக்கணும்னு கேட்டிருந்தாங்க. ஃப்ரீஹோல்டர் நல்லவரா இருந்து சரின்னு சொன்னாக் கூட கீழ் வீட்டுக்காரர் தடுக்கலாம்னு ஆயிடுது, அதனால நீங்க சமாதானம் பேச வேண்டியது கீழ் வீட்டோடதான்.

ஒரு நாள் அவங்க வீட்டுக்குப் போய் உக்காந்து, மேல பிள்ளைங்களை நடக்கச் சொல்லிக் காது குடுத்துப் பாருங்க. பேச்சுச் சத்தத்தை விட இடிக்கிற சத்தம்தான் கீழ இறங்கும், குதிகால் வச்சு நடக்குறது, நாற்காலியை இழுக்குறது, தரையில வச்சு உரல்ல இடிக்கிறது. லமினேட்டுக்கு அடியில மெல்லிசா நுரை ஷீட் போட்டிருந்தா அது பத்தாது, சத்தம் தடுக்குறதுக்குன்னே கனமான அக்கூஸ்டிக் அண்டர்லே இருக்கு, பலகையைக் கழட்டி அதைப் போட்டுத் திருப்பி மாட்டலாம். நாற்காலிக் காலுக்கு ஃபெல்ட் ஒட்டுங்க, உரலை தடியான ரப்பர் பாய் மேல வைங்க. இவ்வளவும் செஞ்சு, மகளோட ஸ்பெஷலிஸ்ட்கிட்ட ஒரு லெட்டரும் வாங்கி, ஏஜென்டுக்கு அனுப்பி, இந்த ஏற்பாட்டுக்கு எழுத்துல சம்மதம் கேளுங்க. ஆஸ்துமா கடுமையா, நீண்ட காலமா இருந்தா 2010 ஈக்வாலிட்டி ஆக்ட்ல வர்ற ஊனத்துக்கான வரையறைக்குள்ள வர வாய்ப்பு இருக்கு, அதையும் வக்கீலைப் பாத்துக் கேளுங்க.

கேள்வி: ஒரு சின்ன விஷயம் கேட்டு ஈமெயில் போட்டதுக்கு மேனேஜிங் ஏஜென்ட் 400 பவுண்ட் பில் அனுப்பிட்டாங்க. கட்டணுமா?

உடனே கட்டாதீங்க. அனுமதிக்காக வாங்குற இந்தக் கட்டணத்துக்கு அட்மினிஸ்ட்ரேஷன் சார்ஜ்னு பேர், லீஸ்லயே தொகை எழுதலைன்னா நியாயமான அளவுக்கு மட்டும்தான் கட்டணும்னு 2002 ஆக்ட் ஷெட்யூல் 11 சொல்லுது. பில்லோட கூட உங்க உரிமைகளைச் சொல்ற ஒரு தாளும் வரணும், வரலைன்னா வர்ற வரைக்கும் பணத்தை நிறுத்தி வைக்கலாம். யார் எத்தனை மணி நேரம் என்ன வேலை பாத்தாங்கன்னு விவரம் கேளுங்க. ஒத்து வரலைன்னா ஃபர்ஸ்ட் டியர் டிரிப்யூனல் இருக்கு. அதுக்கு முன்னாடி லீஸ் (LEASE) ங்கிற பேர்லயே அரசாங்கப் பணத்துல நடக்குற ஆலோசனை அமைப்பு ஒண்ணு இருக்கு, இலவசமா சொல்லுவாங்க, நான் சொல்றதையும் அவங்ககிட்ட சரி பாத்துக்குங்க.

கேள்வி: அம்மாவுக்கு ஸ்ட்ரோக் வந்து ஒரு பக்கம் சரியா வரல. பாத்டப்ல ஏறி இறங்க முடியாது. டூட்டிங்ல நாங்க இருக்குறது ரைட் டு பைல, அதாவது கவுன்சில் வீட்டைக் குடியிருக்கறவங்களுக்கே விக்கிற திட்டத்துல வாங்கின ஃப்ளாட், கவுன்சில்தான் ஃப்ரீஹோல்டர். டப்பை எடுத்துட்டு நேரா நடந்து போய் குளிக்கிற மாதிரி பண்ணணும். விடுவாங்களா?

உங்க நிலைமைக்குன்னே சட்டத்துல இடம் இருக்கு தம்பி. ஊனம் உள்ளவங்க அதுதான் தன்னோட முக்கிய வீடுன்னு இருந்தா, அவங்களுக்கு வேண்டிய மாற்றத்துக்கு, சம்மதம் கேட்டு செய்யலாம்னு இருக்குற லீஸ்ல, நியாயமில்லாம மறுக்கக் கூடாதுன்னு ஈக்வாலிட்டி ஆக்ட் செக்‌ஷன் 190 சொல்லுது. லீஸ் அம்மா பேர்ல இருக்கா உங்க பேர்ல இருக்கான்னு பாருங்க, வார்த்தைகள் கொஞ்சம் முக்கியம், ஆனா எப்படி இருந்தாலும் கேக்குறதுல தயங்காதீங்க.

அதை விட முக்கியமா, வீட்டுல என்ன வசதி வேணும்னு பாத்துச் சொல்ற கவுன்சில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டை இன்னைக்கே கூப்பிடுங்க. அவங்க வந்து பாத்து எழுதினா டிஸேபிள்ட் ஃபெசிலிட்டீஸ் கிராண்ட்ங்கிற மானியத்துக்கு மனு போடலாம், இங்கிலாந்துல 30,000 பவுண்ட் வரைக்கும் உண்டு, பெரியவங்களுக்கு வருமானம் சேமிப்பு பாப்பாங்க. கிராண்ட் கைக்கு வர்றதுக்கு முன்னாடி அவசரப்பட்டு வேலையை ஆரம்பிச்சிட்டா பொதுவா அந்தப் பணம் கிடைக்காது, இந்தத் தப்பைப் பாசத்துல நிறைய பிள்ளைங்க செஞ்சிடறாங்க. சொந்தப் பணத்துல பண்ணினாலும் ஊனத்துக்காகச் செய்ற பாத்ரூம் வேலைக்கு வாட் வரி இல்லாம பில் போட வழி இருக்கு, பில்டர்கிட்ட முன்னாடியே சொல்லி அந்த ஃபாரத்துல கையெழுத்துப் போடுங்க. சம்மதம் கேக்குற லெட்டர்ல தரைக்கு அடியில தண்ணி கசியாம எப்படி அடைப்பீங்க, தண்ணி வெளிய போற குழாய்க்குச் சரிவு எங்க கிடைக்கும்னு எழுதுங்க, கீழ் வீட்டுக் கூரையில ஈரம் இறங்குமோங்கிறதுதான் கவுன்சிலோட பயமே.

கேள்வி: பத்து வருஷம் முன்னாடி யாரையும் கேக்காம லிவிங் ரூமைப் பிரிச்சு ஒரு பெட்ரூம் ஆக்கினோம். இப்ப விக்கப் போனா வாங்குறவங்க லைசென்ஸ் எங்கன்னு கேக்குறாங்க.

முன்னாடியே நடந்த வேலைக்கும் பின்தேதியில சம்மதம் கேக்கலாம், ஆனா இப்ப பிடி அவங்க கையில. சர்வேயரை அனுப்பி, பில்டிங் கன்ட்ரோல் செர்டிஃபிகேட் கேட்டு, சில சமயம் பூச்சைப் பிரிச்சுக் காட்டச் சொல்லி, எல்லாச் செலவும் உங்க தலையில வரும். சம்மதம் இல்லாததால பின்னால பண நஷ்டம் வந்தா ஈடு குடுக்குற இன்டெம்னிட்டி இன்சூரன்ஸ்னு ஒண்ணு இருக்கு, ஆனா நீங்க ஏற்கனவே ஃப்ரீஹோல்டருக்கு இதைப் பத்தி லெட்டர் போட்டிருந்தா இன்சூரன்ஸ்காரங்க பெரும்பாலும் தர மாட்டாங்க, அதனால எந்த வழின்னு உங்க சொலிசிட்டரோட முடிவு பண்ணிட்டு அப்புறம் எழுதுங்க. அந்த பாலிசி பணத்துக்குத்தான் பாதுகாப்பு. புது ரூம்ல படுக்கிறவங்க வெளிய வர்ற வழி கிச்சனுக்குள்ளயா போகுதுன்னு பாத்துக்குங்க, அப்படி இருந்தா விக்கிறீங்களோ இல்லையோ அதைச் சரி பண்ணணும். விக்கும்போது நிரப்புற லீஸ்ஹோல்ட் ஃபாரத்துல மாற்றம் செஞ்சீங்களான்னு நேராவே ஒரு கேள்வி உண்டு. அதுல பொய் மட்டும் எழுதாதீங்க, வாங்கினவங்க பின்னால உங்க மேலயே கேஸ் போடலாம்.

கேள்வி: எங்க தாத்தா வீட்டை இடிச்சப்போ அந்த தேக்கு நிலையும் கதவும் எனக்குன்னு எடுத்து வச்சிருக்காங்க, காரைக்குடி வேலைப்பாடு. வெம்பிளி ஃப்ளாட்டுக்கு வாசக்கதவா வைக்கணும்னு ஆசை. ஃப்ரீஹோல்டர் ஒரே வார்த்தையில முடியாதுங்கிறார்.

உங்க ஆசை எனக்குப் புரியுது, அந்த நிலையில எத்தனை கல்யாணத்துக்கு மாவிலை கட்டியிருப்பாங்க. ஆனா இந்த ஒரு விஷயத்துல ஃப்ரீஹோல்டர் சொல்றது சரி. ஃப்ளாட் வாசக்கதவு, லீஸ்ல யாரோடதுன்னு எழுதியிருந்தாலும், கட்டடத்தோட தீத்தடுப்புல ஒரு பாகம். அரை மணி நேரம் தீயைத் தாங்கணும், ஓரத்துல புகையை அடைக்கிற பட்டை வேணும், தானா மூடிக்கணும். லண்டன்ல கிரென்ஃபெல்ங்கிற அடுக்குமாடிக் கட்டடத்துல நடந்த தீ விபத்துக்கப்புறம் வந்த விதிப்படி, 11 மீட்டருக்கு மேல உயரமான கட்டடங்கள்ல ஒவ்வொரு வீட்டு வாசக்கதவையும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது பாக்க முயற்சி எடுக்கணும்னு 2023 ஜனவரில இருந்து கட்டாயம். தேக்கு எவ்வளவு கெட்டியா இருந்தாலும் சோதிச்சு செர்டிஃபிகேட் வாங்காத கதவு அங்க நிக்காது.

அந்த நிலையை உள்ள வைங்க. பெட்ரூம் கதவு எதையும் கழட்டாம, லிவிங் ரூம்ல ஒரு மூலையில சாமி அலமாரிக்கு முன்னாடி சுவரோட சாத்தி நிறுத்தினா அது பர்னிச்சர் மாதிரிதான், சுவருக்குள்ள பதிச்சாத்தான் சம்மதக் கேள்வி வரும். கப்பல்ல ஏத்தறதுக்கு முன்னாடி டேப் வச்சு அளந்து அனுப்பச் சொல்லுங்க, ஊர்ல நிலைக்கு மேல இருக்குற கஜலட்சுமி பலகையோட சேத்து. இங்க புது ஃப்ளாட்ல கூரை சுமார் எட்டடி உயரம்தான் இருக்கும், லிஃப்ட் அதை விடச் சின்னது, படிக்கட்டுத் திருப்பத்துல அவ்வளவு நீள மரம் திரும்புமான்னும் ஒரு குச்சியை அதே நீளத்துக்கு வெட்டி எடுத்துட்டுப் போய் பாத்துடுங்க.